சக்கரத்தைத் தொடாத எஞ்சின்

இங்கிலாந்தின் லூட்டன் நகரில் இ. டபிள்யூ. ஹார்ட் என்றொரு கார்ப் பித்தர் இருந்தார். 1900இல், வியன்னாவில் இருந்த லோனர் கம்பெனியிடம் தனக்கென்று ஒரு மின்சாரக் கார் செய்து வாங்கினார். நான்கு சக்கரங்களுக்குள்ளும் நான்கு மோட்டார்கள். பேட்டரி மட்டும் ஏறத்தாழ 1,800 கிலோ. இன்று நம் தெருவில் ஓடும் சின்னக் கார்கள், ஐந்து பேரும் அவர்களின் பெட்டிகளும் ஏறிய பிறகுகூட அந்த எடையை எட்டுவதில்லை. ஈயமும் அமிலமுமாக அத்தனை பாரத்தை ஏற்றினால், சேர்த்துவைத்த மின்சாரத்தில் கணிசமான பங்கு அந்தப் பாரத்தை இழுக்கவே போய்விடும். தூரம் வேண்டும் என்று பேட்டரியைக் கூட்டினால், கூட்டிய பேட்டரியே தூரத்தைத் தின்னும்.

இந்த முடிச்சை நேருக்கு நேர் பார்த்தவர் அந்தக் காரை வடிவமைத்த இளைஞர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. அப்போது அவருக்கு வயது 25. அதே ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய, இரண்டு மோட்டார்கள் கொண்ட வண்டி எல்லோர் கண்ணையும் இழுத்தது. சங்கிலி இல்லை, கியர் இல்லை, முன்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார். 410 கிலோ பேட்டரியைச் சுமந்து சுமார் 50 கிலோமீட்டர் போகும். வியன்னா நகருக்குள் சுற்றிவர அது போதும். அடுத்த ஊருக்குப் போய்த் திரும்பப் போதாது.

போர்ஷே செய்த காரியம் எளிமையானது. மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பெட்டியைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக, மின்சாரம் உண்டாக்கும் யந்திரத்தையே வண்டியில் ஏற்றினார். டி டியான்-பூட்டான் கம்பெனியின் சிறிய பெட்ரோல் எஞ்சின்கள் இரண்டு, ஆளுக்கொரு ஜெனரேட்டரோடு நடுவில் உட்கார்ந்தன. பேட்டரி 44 செல்களாகச் சுருங்கியது. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையில் எந்த இரும்புத் தொடர்பும் கிடையாது; கம்பி மட்டுமே. எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்றும், அதில் பிறக்கும் மின்சாரம் மோட்டாருக்குப் போகும், மிஞ்சியது பேட்டரிக்குப் போகும். வண்டிக்கு 'செம்பர் விவுஸ்' என்று லத்தீனில் பெயர் வைத்தார்கள். என்றும் உயிரோடிருப்பது என்று பொருள். ஓடிக்கொண்டே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் காரின் வரலாறு இங்கே தொடங்குகிறது. அந்தக் காருக்குள் உட்கார்ந்திருக்கும், சக்கரத்தைத் தொடாத அந்தச் சின்ன எஞ்சின்தான் நம் கதாநாயகன்.

பிறந்த உடனேயே அதற்கு ஒரு வழக்கும் பிறந்தது. பேட்டரி பெரிதாகவும் எஞ்சின் சின்னதாகவும் இருக்க வேண்டுமா, அல்லது எஞ்சின் பெரிதாகவும் பேட்டரி பேருக்கும் இருந்தால் போதுமா? செம்பர் விவுஸ் முதல் கட்சி. அடுத்த ஆண்டு 'மிக்ஸ்டே' என்ற பெயரில் போர்ஷே விற்பனைக்குக் கொண்டுவந்த கார் இரண்டாவது கட்சிக்குத் தாவிவிட்டது. முன்னால் டைம்லரின் நான்கு சிலிண்டர் எஞ்சின், பேட்டரி மிகச் சிறிது. எடை குறைந்தது, பராமரிப்பு குறைந்தது. கூடவே, மின்சாரத்தில் மட்டும் ஓடும் தகுதியும் குறைந்தது. 125 ஆண்டுகள் கழித்தும் கார் கம்பெனிகள் இதே வழக்கைத்தான் நடத்திக்கொண்டிருக்கின்றன.

1906இல் போர்ஷே லோனரை விட்டுப் போனார். பெட்ரோல் கார்களோ நாளுக்கு நாள் மலிவாகி வந்தன. முன்னால் நின்று கையால் சுற்றிக் கிளப்பும் தொல்லைதான் அவற்றின் பெரிய குறை. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912 கேடிலாக்கில் வந்ததும் அதுவும் தீர்ந்தது. அந்த ஸ்டார்ட்டர் ஒரு மின்மோட்டார். மின்சாரக் காரின் கதையை முடித்துவைத்ததில் ஒரு மின்மோட்டாருக்கும் பங்குண்டு என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படும். கார் போனதும் நம் கதாநாயகனுக்குச் சாலையில் வேலை இல்லாமல் போனது.

ஆனால் சாகவில்லை, தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் போய்விட்டது. நீர்மூழ்கிக் கப்பல்கள் மேலே வரும்போது டீசல் எஞ்சினை ஓட்டி பேட்டரியை நிரப்பிக்கொண்டு, கீழே போனதும் பேட்டரியில் ஓடின. ரயிலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நாம் டீசல் எஞ்சின் என்று சொல்லிப் பழகிய ரயில் எஞ்சின் உண்மையில் ஒரு நகரும் மின்நிலையம். 1962இல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து வரத் தொடங்கிய டபிள்யூடிஎம்-2, பிறகு வாரணாசியில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது. அதில் 2,600 குதிரைசக்தி டீசல் எஞ்சின் ஜெனரேட்டரை மட்டுமே சுற்றியது. சக்கரத்தைச் சுழற்றியவை அடியிலிருந்த மோட்டார்கள். திருச்சி பொன்மலை ஷெட்டில் வேலை பார்த்தவர்களிடம் ஓடிக்கொண்டே மின்சாரம் தயாரிக்கும் வண்டி என்று வியந்து பேசினால் சிரிப்பார்கள்.

போர்ஷேயும் இந்த எண்ணத்தை விடவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்காக அவர் வடிவமைத்த டாங்கிக்கும் இதே ஏற்பாடுதான்: இரண்டு பெட்ரோல் எஞ்சின், ஜெனரேட்டர்கள், மோட்டார்கள். போட்டியில் அது தோற்றது. செய்து முடித்திருந்த உடல்களை 65 டன் பீரங்கி வண்டிகளாக மாற்றி, 'ஃபெர்டினாண்ட்' என்று அவர் பெயரையே சூட்டி, 1943இல் குர்ஸ்க் போர்க்களத்துக்கு அனுப்பினார்கள். மின்சார ஏற்பாட்டுக்குச் செம்பு மலைமலையாக வேண்டியிருந்தது. அதுவோ போர்க்காலத்தில் கிடைக்காத பண்டம். இந்த அத்தியாயத்தில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மின்சாரக் கார் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் யாராவது ஒருவர் கேட்பார்: "சக்கரம்தான் சும்மா சுத்துதே, அதுல ஒரு டைனமோவை மாட்டிட்டா போற வழியிலயே சார்ஜ் ஏறிடாதா? எதுக்கு பெட்ரோல்?" பழைய சைக்கிளில் டைனமோவைச் சாய்த்து டயரோடு ஒட்டவைத்தவர்களின் கால்களுக்குப் பதில் தெரியும். விளக்கு எரிந்த அந்தக் கணமே பெடல் கனத்தது. சக்கரம் சும்மா சுற்றுவதில்லை. பேட்டரி கொடுத்த சக்தியில்தான் சுற்றுகிறது. அதிலிருந்து எடுத்து அதற்கே கொடுத்தால் வழியில் உராய்விலும் சூட்டிலும் போவதுதான் மிச்சம். பிரேக் போடும்போதும் இறக்கத்தில் உருளும்போதும் வீணாகப் போகவிருந்ததைப் பிடித்துத் திருப்பலாம். இன்றைய எல்லா மின்சாரக் கார்களும் அதைச் செய்கின்றன. அதற்கு மேல் வேண்டுமானால் சக்தி வெளியிலிருந்துதான் வர வேண்டும். பெட்ரோல் டாங்க் என்பது அந்த வெளி. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 கிலோவாட் மணி அடங்கியிருக்கிறது. எஞ்சினின் சூட்டில் பெரும்பகுதி போனாலும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரமாகக் கைக்கு வரும்.

சாலைக்குத் திரும்பும் கதை 1990களில் கலிஃபோர்னியாவில் நடக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் இவி1 மின்சாரக் காருக்கு முன்னோடியான 'இம்பாக்ட்' காரின் மின்னணுப் பகுதியை வடிவமைத்த ஆலன் கொக்கோனி, ஏசி ப்ரொபல்ஷன் என்ற சிறிய கம்பெனியைச் சான் டிமாஸ் என்ற ஊரில் நடத்திவந்தார். வேலைக்குப் போய்வர பேட்டரியே போதும், தூரப் பயணத்துக்கு மட்டும்தானே எஞ்சின் வேண்டும், அப்படியென்றால் அதைக் காருக்குள் ஏன் சுமக்க வேண்டும் என்று அவர் யோசித்தார். ஒரு சிறிய டிரெய்லரில் கவாஸகி மோட்டார்சைக்கிள் எஞ்சினையும் ஜெனரேட்டரையும் பெட்ரோல் டாங்கையும் வைத்துக் காரின் பின்னால் கோத்துவிட்டார். 20 கிலோவாட் தரும். நெடுஞ்சாலை வேகத்தில் ஓடுவதற்கு அது போதுமானது. ரிவர்ஸ் எடுக்கும்போது டிரெய்லர் மடங்கிக்கொள்ளாமல் தானே திரும்பவும் ஏற்பாடு செய்திருந்தார். என்னைக் கேட்டால், இந்த 125 வருடக் கதையில் மிக நேர்மையான யோசனை இதுதான். வேண்டிய நாளில் மாட்டு, வேண்டாத நாளில் வீட்டில் விடு. ஆனால் வாங்க ஆளில்லை. டிரெய்லரை நிறுத்த இடம் வேண்டும், மாட்டப் பொறுமை வேண்டும். வசதி குறைவான நேர்மையைச் சந்தை மதித்ததே இல்லை.

ஜெனரல் மோட்டார்ஸும் 1998இல் இவி1 காருக்குள் ஒரு குட்டி கேஸ் டர்பைனை வைத்துக் காட்டியது. காட்டியதோடு சரி. இவி1 கார்களில் பெரும்பாலானவற்றையே பின்னாளில் திரும்பப் பெற்று நசுக்கிவிட்டார்கள்.

அதே கம்பெனிதான் 2007 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் செவர்லே வோல்ட்டை மேடையேற்றியது. 2010 இறுதியில் அது விற்பனைக்கு வந்தது. 16 கிலோவாட் மணி பேட்டரி, 1.4 லிட்டர் எஞ்சின். பேட்டரியில் 56 கிலோமீட்டர், பெட்ரோலையும் சேர்த்தால் சுமார் 610. அமெரிக்கர்கள் தினமும் ஓட்டும் தூரத்தில் பெரும்பகுதி அந்த 56க்குள் அடங்கும் என்பதுதான் கணக்கு. விற்பனை தொடங்கும் தறுவாயில் ஒரு ரகசியம் வெளியே வந்தது. பேட்டரி தீர்ந்து, சுமார் 110 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகும்போது, எஞ்சின் கியர் வழியாகச் சக்கரத்துக்கும் கொஞ்சம் கைகொடுக்கிறது! இது மின்சாரக் காரே அல்ல, நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று பத்திரிகைகள் பொங்கின. பொறியாளர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஜெனரேட்டர், மோட்டார் என்று இரண்டு முறை மாற்றும்போது வழியில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது போய்விடும். நெடுஞ்சாலையில் நேராகக் கொடுத்தால் அது மிச்சம். ஆனாலும் தொடுகிறதா, தொடவில்லையா என்பதே அன்று பெரிய சர்ச்சையானது.

வோல்ட்டின் எஞ்சினுக்கு இன்னொரு விசித்திரமான தலைவிதி. தினமும் சார்ஜ் போடும் உரிமையாளர்களிடம் மாதக்கணக்கில் அதற்கு வேலையே வராது. அதனால் சில வாரங்களுக்கு ஒருமுறை கார் தானாகவே எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டிப் பார்த்துக்கொள்ளும். டாங்கில் பெட்ரோல் ஒரு வருடம் பழசாகிவிட்டால் அதைத் தானே எரித்துத் தீர்க்கும்.

2013இல் ஜெர்மனியின் லைப்சிக் ஆலையிலிருந்து வந்த பிஎம்டபிள்யூ ஐ3தான் இந்தக் கதையின் உருக்கமான பகுதி. கார்பன் நாரினால் ஆன உடல், குறுகலான டயர், நகரத்துக்கென்றே செய்த கார். கூடுதல் காசு கொடுத்தால் பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு எஞ்சின் வைத்துத் தருவார்கள். 647 சிசி, இரண்டு சிலிண்டர். பிஎம்டபிள்யூவின் பெரிய ஸ்கூட்டரில் இருந்த எஞ்சின். தைவானின் கிம்கோ கம்பெனியில் தயாரானது. ஸ்கூட்டரில் 60 குதிரைசக்தி கொடுத்ததை இங்கே 34க்கு, அதாவது 25 கிலோவாட்டுக்கு அடக்கி வைத்திருந்தார்கள். டாங்கில் 9 லிட்டர் பெட்ரோல்.

சமதளத்தில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஐ3க்குத் தேவை 15 கிலோவாட்டுக்கு அருகில். எஞ்சின் அதைத் தாராளமாகக் கொடுக்கும். அதே வேகத்தில் நூறு அடிக்கு ஆறடி ஏறும் சாலையில் போட்டால், ஆளோடு ஒன்றரை டன் எடையை மேலே தூக்குவதற்கென்றே இன்னும் 25 கிலோவாட் வேண்டும். மொத்தம் 40. கையில் இருப்பது 25. பற்றாக்குறை பேட்டரியிலிருந்து வர வேண்டும். பேட்டரியில் முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தால் சிக்கலில்லை. ஐரோப்பாவில் விற்ற ஐ3யில் அது சாத்தியம்: பேட்டரி முக்கால் அளவுக்குக் கீழே இறங்கியதும், ஓட்டுபவர் விரும்பினால் எஞ்சினைப் போட்டுக்கொண்டு அந்த அளவைக் காப்பாற்றலாம்.

அமெரிக்காவில் முடியாது. கலிஃபோர்னியாவின் காற்று வாரியம் இத்தகைய கார்களுக்கென்று 2012இல் ஒரு தனி வகையை உண்டாக்கியிருந்தது. சலுகை கிடைக்க வேண்டுமானால், பேட்டரி கிட்டத்தட்டக் காலியான பிறகே எஞ்சின் கிளம்ப வேண்டும். பெட்ரோலில் போகும் தூரம் பேட்டரியில் போகும் தூரத்தைத் தாண்டக் கூடாது. அந்த விதிக்குள் அடங்க பிஎம்டபிள்யூ மென்பொருளால் டாங்கின் அளவையே சுருக்கியது. 9 லிட்டர் டாங்கில் 7 லிட்டர் சொச்சம்தான் பயன்படும். எஞ்சின் கிளம்பும்போது பேட்டரியில் 6 சதவீதம்தான் மீதி. மலைச்சாலையில் லாரிகளுக்கு நடுவே வேகம் தானாகக் குறைந்து போனதாக ஓட்டியவர்கள் புகார் செய்தார்கள், வழக்கும் போட்டார்கள். சிலர் மென்பொருளுக்குள் புகுந்து ஐரோப்பிய அமைப்பைத் தாங்களே திறந்துகொண்டார்கள். வண்டியில் குறையில்லை, காகிதத்தில் எழுதிய விதி சறுக்கிய இடம் அது. மின்சாரத்தை மட்டும் ஊக்குவிக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். மலையைப் பற்றி மட்டும் யாரும் நினைக்கவில்லை.

ஐ3யின் பேட்டரி படிப்படியாகப் பெரிதாக, 2018 வாக்கில் ஐரோப்பாவில் எஞ்சின் வகையை நிறுத்திவிட்டார்கள். 2019இல் வோல்ட்டும் நின்றது. எஞ்சினின் சகாப்தம் முடிந்தது என்று எழுதினார்கள். ஜப்பானில் நிஸான் நோட் 'இ-பவர்' மட்டும் நன்றாக விற்றது; ஆனால் அது மிக்ஸ்டேயின் வழி வந்தது. பேட்டரி ஒன்றரை கிலோவாட் மணி, சார்ஜ் போட பிளக்கே கிடையாது. லண்டன் கறுப்பு டாக்ஸிகளும் இந்தக் குடும்பத்தில் சேர்ந்தன. 2023இல் மாஸ்டா தன் புகழ்பெற்ற ரோட்டரி எஞ்சினை ஓய்விலிருந்து கூப்பிட்டு ஜெனரேட்டர் சுற்ற வைத்தது. இவையெல்லாம் கிளைக்கதைகள்.

முக்கியக் கதை சீனாவுக்குப் போயிருந்தது. கார் இணையதளம் ஒன்றைக் கட்டியெழுப்பிய லீ ஷியாங் தொடங்கிய லீ ஆட்டோ, 2019 டிசம்பரில் தன் முதல் காரான 'லீ ஒன்'னை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது. ஆறு பேர் உட்காரும் பெரிய வண்டி, 40.5 கிலோவாட் மணி பேட்டரி. ஹார்பினில் தயாரான 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சின். பேட்டரியில் 180 கிலோமீட்டர், மொத்தம் 800 என்று சொன்னார்கள். ஷாங்காயிலும் பெய்ஜிங்கிலும் அடுக்குமாடிகளில் குடியிருப்போர் பலருக்குச் சொந்த சார்ஜர் கிடையாது. புத்தாண்டு விடுமுறைக்குச் சொந்த ஊர் போகும்போது நெடுஞ்சாலை சார்ஜர்களில் மணிக்கணக்கில் வரிசை. வாரம் முழுவதும் மின்சாரம், பண்டிகைக்கு பெட்ரோல் என்ற ஏற்பாடு குடும்பஸ்தர்களுக்குப் பொருந்திப்போனது. 2020இல் ஃபோக்ஸ்வாகனின் சீனத் தலைவர் ஸ்டெஃபான் வொல்லென்ஸ்டைன் இதை உருப்படாத தீர்வு என்ற பொருளில் வெளிப்படையாகவே சாடினார். லீ ஆட்டோ 2023இல் 3,76,030 கார்களை விற்று, சீனாவின் புதிய மின்சாரக் கார் கம்பெனிகளில் முழு ஆண்டு லாபம் கண்ட முதல் கம்பெனியானது. 2025 ஷாங்காய் கண்காட்சியில் ஃபோக்ஸ்வாகனே இத்தகைய காரைக் கொண்டுவந்து நிறுத்தியது.

இதிலும் காகிதம் குறுக்கே வந்தது. இத்தகைய கார்களுக்கு இலவசமாகக் கிடைத்துவந்த பச்சை நம்பர் பிளேட்டை 2023 முதல் ஷாங்காய் நிறுத்திவிட்டது. பிறகு பேட்டரி விலை விழுந்தது, அதிவேக சார்ஜர்கள் வந்தன. இன்னொரு பக்கம், 2024இல் சிஏடிஎல் கம்பெனி இந்தக் கார்களுக்கென்றே 400 கிலோமீட்டருக்கு மேல் போகும் பேட்டரியை அறிவித்தது. 400 கிலோமீட்டர் போகும் பேட்டரி இருந்தால் எஞ்சின் எதற்கு என்று கேட்கத் தோன்றும். வாங்குபவருக்கு அது தூரம் தருவதில்லை, நிம்மதி தருகிறது. அந்த நிம்மதிக்கு ஆண்டு முழுவதும் கூடுதல் எடை சுமக்க வேண்டும், ஆயில் மாற்ற வேண்டும். 2025இல் லீ ஆட்டோவின் விற்பனை இறங்கியது.

அமெரிக்காவில் பின்னால் படகும் டிரெய்லரும் கட்டி இழுக்கும் பிக்கப் வண்டிகளுக்கு இப்போது இந்த எஞ்சின் தேவைப்படுகிறது; பாரம் இழுத்தால் பேட்டரியின் தூரம் பாதியாகிவிடுவதே காரணம். ராம் கம்பெனி 92 கிலோவாட் மணி பேட்டரியோடு 3.6 லிட்டர் வி6 எஞ்சினைச் சேர்ப்பதாக அறிவித்தது. ஃபோர்டும் தன் மின்சார எஃப்-150 வண்டியின் அடுத்த தலைமுறைக்கு எஞ்சின் வைக்கப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எல்லோரும் கேலி செய்த ஸ்கூட்டர் எஞ்சின் இருந்த இடத்தில் ஆறு சிலிண்டர்.

நம் ஊரில் இதற்கு இடம் உண்டா? முதலில் வரிக்கணக்கு தீர வேண்டும். மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், பெரிய ஹைபிரிட் காருக்கு 40. பெட்ரோல் டாங்க் உள்ள இந்த வண்டியை எந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள் என்பதே அதன் விலையை முடிவு செய்யும். மலையைப் பற்றிய பயம் நமக்கு அமெரிக்கர்கள் அளவுக்கு வேண்டாம். கொடைக்கானல் பாதையில் யாரும் 100இல் ஏறுவதில்லை. 35 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை டன் காருக்கு 12 கிலோவாட் போதும், ஐ3யின் எஞ்சினே தாராளம். நமக்குச் சோதனை நான்குவழிச் சாலையில்தான்: ஏழு பேர், ஏ.சி., மேலே சாமான், இரண்டரை டன் எஸ்யூவி, மணிக்கு 110. ஷோரூமில் மொத்தம் ஆயிரம் கிலோமீட்டர் என்று சொல்வார்கள். அதை விடுங்கள். பேட்டரி காலியான பிறகு எஞ்சின் தொடர்ந்து எத்தனை கிலோவாட் கொடுக்கும் என்று கேளுங்கள். வீட்டில் தினமும் சார்ஜ் போட வழியில்லை என்றால் வாங்கவே வேண்டாம். இரண்டு முறை மாற்றி நஷ்டப்பட்ட மின்சாரத்தில் ஓடும் கனமான பெட்ரோல் கார்தான் உங்களுக்குக் கிடைக்கும்.